ரயிலில் கேட்ட பத்து ஆல்பங்கள்

“உனக்கு ஸ்விங் சரியாக வரவில்லை. ஆனால் ஏழு மட்டும் எப்படி இவ்வளவு சுலபமாக வந்தது?”

பல்கலைக்கழக ஜாஸ் குழுவின் தேர்வுச் சுற்றில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. குழுவுக்கு ஒரு டிரம்ஸ் கலைஞர்தான் தேவை. போட்டியில் நாங்கள் இருவர். இன்னொருவர் தேசிய சேவையை முடித்துவிட்டு வந்த பொறியியல் மாணவர், பத்து வயதிலிருந்து டிரம்ஸ் வாசிப்பவர். நானோ தொடக்கக் கல்லூரியில் நண்பர்களுடன் சேர்ந்து, காணொளிகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள்.

முதலில் கொடுத்தது சாதாரண நான்கு எண்ணிக்கைப் பாட்டு. அதில் நான் திணறினேன். “படிக்கட்டில் ஏறுவதுபோல் வாசிக்கிறாய்” என்றார் குழுவை நடத்தும் மூத்த மாணவர். பிறகு ஏழு எண்ணிக்கையில் ஒரு பாட்டு. மற்றவர்கள் தாளைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் எண்ணவே இல்லை. ‘தகிட தகதிமி’ என்று மனத்துக்குள் ஓடவிட்டேன், அவ்வளவுதான். மிஸ்ர சாபு தாளத்தில் பத்து வயதுக் குழந்தை செய்வதைத்தான் நான் செய்தேன். ஆனால் அறையில் இருந்தவர்கள் ஏதோ வித்தை காட்டியதுபோல் பார்த்தார்கள்.

மிருதங்கம் கற்றதாகச் சொன்னேன். எட்டு வயதில் தொடங்கி எட்டு ஆண்டுகள். உயர்நிலை நான்கில் நிறுத்திவிட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

நான்கு வாரம் கழித்து இரண்டாம் சுற்று என்றார்கள். அன்றிரவே அந்த மூத்த மாணவர் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினார். அவர் பாஸ் கித்தார் வாசிப்பவர், சீனர். பத்து ஜாஸ் ஃபியூஷன் ஆல்பங்கள். முதல் வரியில் ‘சக்தி’ என்ற குழுவின் பெயர். பக்கத்தில், “இதை நீ ஆயிரம் முறை கேட்டிருப்பாய்” என்ற குறிப்பு.

நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ‘ஆமாம்’ என்று மட்டும் பதில் அனுப்பிவிட்டேன்.

பொய் சொன்ன வெட்கமோ என்னவோ, அந்த முதல் ஆல்பத்தைத் தள்ளிவைத்துவிட்டு மற்ற ஒன்பதிலிருந்து தொடங்கினேன். தெம்பனிஸிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகவர ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரயிலிலும் பேருந்திலும் கழிகிறது. ஹெட்ஃபோனுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

மெதுவாகத் தொடங்கிய புரட்சி

ஜாஸ் என்றதும் கோட்டு சூட்டு போட்டவர்கள் மங்கலான வெளிச்சத்தில் சாக்ஸஃபோன் ஊதும் காட்சிதான் என் நினைவுக்கு வரும். 1960களின் இறுதியில் அமெரிக்க இளையர்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்கிறது. அவர்கள் ராக் இசையின் பக்கம் போய்விட்டார்கள். மின்கித்தார், மின்பியானோ, பெரிய ஒலிபெருக்கிகள் எல்லாம் அந்தப் பக்கம் இருந்தன. ஜாஸ் கலைஞர்களில் சிலர் அந்தக் கருவிகளையும் ராக், ஃபங்க் தாளங்களையும் எடுத்துக்கொண்டு, அதன்மேல் ஜாஸின் மனோதர்மத்தை வைத்தார்கள். அதுதான் ஜாஸ் ஃபியூஷன்.

அந்தத் திருப்பத்தில் முக்கியமானவர் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ். 1969 பிப்ரவரியில் ‘இன் எ சைலன்ட் வே’ ஆல்பத்தைப் பதிவுசெய்தபோது அவருக்கு 42 வயது. ஏற்கெனவே ஜாஸ் உலகில் எல்லாப் புகழையும் பார்த்துவிட்டவர். பழையதையே வாசித்துக் காலத்தை ஓட்டியிருக்கலாம்.

இந்த ஆல்பம் 38 நிமிடம். தெம்பனிஸில் தொடங்கினால் ரெட்ஹில் நிலையம் அருகே முடிகிறது. மூன்று பேர் மின்விசைப்பலகை வாசிக்கிறார்கள்: ஹெர்பி ஹேன்காக், சிக் கொரியா, ஜோ ஸாவினுல். இங்கிலாந்திலிருந்து சில நாள்களுக்கு முன்புதான் நியூயார்க் வந்திறங்கிய ஜான் மெக்லாக்லின் கித்தார். இத்தனை பேர் இருந்தும் யாரும் முண்டியடிக்கவில்லை. டிரம்ஸ் வாசிக்கும் டோனி வில்லியம்ஸ் அந்தக் காலத்தின் அசுரர். அவர் முதல் பக்கத்தின் 18 நிமிடங்களில் பெரும்பாலும் ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டுகளை மட்டும் ஒரே சீராக வாசித்துக்கொண்டிருக்கிறார். கை துறுதுறுக்கும் எனக்கு இது பெரிய அதிர்ச்சி. இவ்வளவு தெரிந்த ஒருவர் இவ்வளவு குறைவாக வாசிக்க எத்தனை நெஞ்சுறுதி வேண்டும்!

இன்னொரு செய்தி. இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் வரும் மெல்லிய மெட்டு, முடிவிலும் அப்படியே திரும்ப வருகிறது. கலைஞர்கள் மறுபடி வாசிக்கவில்லை. தயாரிப்பாளர் டியோ மசேரோ ஒலிநாடாவை வெட்டி ஒட்டியிருக்கிறார். இன்று நாம் மடிக்கணினியில் செய்வதை அவர் அன்று கத்தரியும் ஒட்டுநாடாவும் வைத்துச் செய்தார்.

ஜாஸே கேட்டதில்லை என்பவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள் என்பேன். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் பதிவாகி 1970ல் வெளிவந்த ‘பிட்சஸ் புரூ’தான் புகழ்பெற்றது. பட்டியல்களில் எல்லாம் முதலிடம் அதற்குத்தான். ஆனால் அதை முதலில் கேட்டால் பலர் ஓடிவிடுவார்கள். நானும் முதல் நாள் பாதியில் நிறுத்திவிட்டேன். தலைப்புப் பாடல் மட்டுமே ஏறக்குறைய 27 நிமிடம். இரண்டு டிரம்ஸ் கலைஞர்கள், கூடவே வேறு தாளக்காரர்கள். மீண்டும் கேட்க வைத்தது ஒரு தகவல்தான்: அந்த டிரம்ஸ் கலைஞர்களில் ஒருவரான லென்னி ஒயிட்டுக்கு அப்போது 19 வயது. என்னைவிட ஒரு வயது குறைவு. அதன்பிறகு அவர் எங்கே இருக்கிறார் என்று தேடித் தேடிக் கேட்டேன்.

புட்டியும் பதினெட்டும்

ஹெர்பி ஹேன்காக்கின் ‘ஹெட் ஹண்டர்ஸ்’ (1973) பற்றி அதிகம் விளக்கவேண்டியதில்லை. போட்டுவிட்டு உட்காருங்கள், கால் தானாக ஆடும். கித்தாரே இல்லாத குழு. முதல் பாட்டு ‘கமீலியன்’ஐத் தாங்கி நிற்கும் அந்த பாஸ் வரி, பாஸ் கித்தாரில் வாசித்ததன்று, சின்தசைசரில் வாசித்தது. இரண்டாவது பாட்டு ‘வாட்டர்மெலன் மேன்’. ஹேன்காக் 1962ல் தமது முதல் ஆல்பத்துக்காக எழுதிய அதே மெட்டு, இங்கே வேறு உடையில் வருகிறது. தாளக் கலைஞர் பில் சம்மர்ஸ் பீர் புட்டியில் ஊதித் தொடங்குகிறார். மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் மக்கள் ஒற்றைச் சுரம் தரும் குழலையும் தங்கள் குரலையும் மாற்றி மாற்றி இசைக்கும் முறையிலிருந்து வந்தது அது.

வீட்டில் ஒருநாள் இதை ஒலிபெருக்கியில் போட்டேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “இது எந்தப் படம்?” என்றார். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் ‘பர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ (1973) அப்படியன்று. அம்மா கதவைச் சாத்தச் சொன்னார். மைல்ஸ் டேவிஸிடம் வாசித்த அதே ஜான் மெக்லாக்லின் தொடங்கிய குழு இது. தம் ஆன்மிக குரு ஸ்ரீ சின்மய் சூட்டிய பெயரையே குழுவுக்கும் வைத்தார். உறுப்பினர் ஐவரும் ஐந்து மூலைகளிலிருந்து வந்தவர்கள். மெக்லாக்லின் ஆங்கிலேயர். டிரம்ஸ் பில்லி கோபம், பனாமாவில் பிறந்தவர். விசைப்பலகை யான் ஹாமர், பிராக் நகரைச் சேர்ந்தவர். பாஸ் ரிக் லேர்ட், அயர்லாந்துக்காரர். வயலின் ஜெரி குட்மன், அமெரிக்கர்.

தலைப்புப் பாடல் பதினெட்டு எண்ணிக்கையில் சுற்றி வருகிறது. முதல் முறை எனக்கு எதுவும் பிடிபடவில்லை. ரயில் சிமெய் தாண்டியபோது கோப்பின்மேல் விரலால் தட்டிப் பார்த்தேன். தக தகிட, தக தகிட, தக தகிட, தகிட. ஐந்து, ஐந்து, ஐந்து, மூன்று. பொருந்தியது! மறுபடி தட்டினேன். எதிரே இருந்த மூதாட்டி என்னைப் பார்த்துவிட்டு இரண்டு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்தார். நான்கு ஆண்டுகளாகத் தொடாத சொற்கட்டு, யாரும் அழைக்காமலேயே வாயில் வந்து நின்றது.

ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் குழுவை என்னால் ஒரே மூச்சில் இருபது நிமிடங்களுக்குமேல் கேட்க முடியவில்லை. எல்லாரும் எல்லா நேரமும் வேகமாக வாசிக்கிறார்கள். நெய் அதிகமான கேசரி மாதிரி, மூன்றாவது கரண்டியில் திகட்டுகிறது. பில்லி கோபம் தனியாகச் செய்த ‘ஸ்பெக்ட்ரம்’ (1973) எனக்கு அதைவிடப் பிடித்தது. அதில் ‘ஸ்ட்ரேடஸ்’ என்ற பாட்டின் பாஸ் வரியை உங்களில் சிலர் வேறு எங்கோ கேட்டிருப்பீர்கள். 1991ல் ‘மாசிவ் அட்டாக்’ குழு அதை எடுத்து ‘சேஃப் ஃபிரம் ஹார்ம்’ பாட்டில் பயன்படுத்தியது.

சிக் கொரியாவின் ‘ரிட்டர்ன் டு ஃபாரெவர்’ குழு செய்த ‘லைட் ஆஸ் எ ஃபெதர்’ (1973) ஆல்பத்துக்கு ‘ஸ்பெயின்’ என்ற ஒரே பாட்டு போதும். ஸ்பானிய இசையமைப்பாளர் ரோட்ரிகோவின் கித்தார் கச்சேரி இசையிலிருந்து ஒரு மெட்டை மின்பியானோவில் மெதுவாக வாசித்துவிட்டு, திடீரென்று ஓடத் தொடங்குகிறார்கள். வெதர் ரிப்போர்ட் குழுவின் ‘ஹெவி வெதர்’ (1977) பற்றிப் பட்டியல் தந்தவரிடம் பேச்சுக் கொடுத்தால் இரவு உணவு ஆறிவிடும். அதில் பாஸ் வாசிக்கும் ஜாகோ பாஸ்டோரியஸ் அவருக்குத் தெய்வம். தம் பாஸ் கித்தாரின் உலோகக் கட்டைகளைப் பிடுங்கிவிட்டு, மரத்தின்மேல் படகுக்குப் பூசும் பிசினைப் பூசிக்கொண்டவர் ஜாகோ. கட்டையில்லாததால் சுரங்கள் வழுக்கிச் செல்லும். வயலினில் கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது உடனே பிடித்துவிடும். 1987ல், 35 வயதில் அவர் இறந்தார்.

முதல் வரிக்கு வந்தேன்

மூன்றாம் வாரம்தான் ‘சக்தி’யைத் திறந்தேன். ஆல்பத்தின் பெயர் ‘சக்தி வித் ஜான் மெக்லாக்லின்’. 1975 ஜூலை 5ஆம் தேதி, நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள சவுத்ஹாம்டன் கல்லூரியில் நடந்த நேரடிக் கச்சேரியின் பதிவு. அடுத்த ஆண்டு வெளிவந்தது.

மின்கித்தாரில் உலகப் புகழ்பெற்ற அதே மெக்லாக்லின், இங்கே மின்சாரமே இல்லாத கித்தாருடன் தரையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் வயலின் எல். சங்கர், தபலா ஸாகிர் உசேன், கடம் டி.எச். விநாயக்ராம், மிருதங்கம் ஆர். ராகவன். டிரம்ஸ் இல்லை, பாஸ் இல்லை, விசைப்பலகை இல்லை.

‘ஜாய்’ என்ற முதல் பாட்டு 18 நிமிடம். தொடங்கிய வேகத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. யூனோஸ் நிலையத்தில் ஏறியவர்கள் என்னை இடித்துக்கொண்டு போனது நினைவிருக்கிறது. வேறு எதுவும் நினைவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது இறங்கவேண்டிய நிலையத்தைத் தாண்டி ரயில் டோவர் வந்திருந்தது.

பிறகு அவர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். மெக்லாக்லின் திடீரென்று ஆசைப்பட்டுச் சேர்த்த கூட்டணியன்று இது. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கர்நாடக இசை கற்பித்த எஸ். ராமநாதனிடம் அவர் வீணை பயின்றார். மிருதங்கம் வாசித்த ராம்நாடு ராகவனும் அங்கே ஆசிரியர். எல். சங்கரும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர்தான். வீணையில் மெட்டுகளுக்கு இடையே தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்க இடம் இருக்கும். சாதாரணக் கித்தாரில் அது முடியாது. அதற்காகவே மெக்லாக்லின் தம் கித்தாரின் கழுத்தில் கட்டைகளுக்கு இடையே உள்ள மரத்தைக் குடைந்து குழிவாக்கிக்கொண்டார். கூடவே, மீட்டாமலேயே அதிரும் தந்திகளையும் குறுக்கே பூட்டச் செய்தார்.

எல். சங்கரின் கதை இன்னும் என்னைப் பிடித்துக்கொண்டது. மதராஸில் பிறந்தாலும் குழந்தைப் பருவம் யாழ்ப்பாணத்தில். தந்தை வி. லட்சுமிநாராயணா அங்கே இசை ஆசிரியர். 1958ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு குடும்பம் இந்தியா திரும்பியது. அண்ணன்மார் எல். வைத்தியநாதனும் எல். சுப்பிரமணியமும். ஒரே வீட்டில் மூன்று வயலின்கள்.

விநாயக்ராமின் கடத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. ஒன்று மட்டும்: கச்சேரி மேடையில் கடத்துக்கு வழக்கமாகப் பின்வரிசைதான். இங்கே அது முன்வரிசையில், ராக் இசையைக் கேட்டு வளர்ந்த அமெரிக்க மாணவர்களின் எதிரே. வெறும் மண்பானை. அவர்கள் கைதட்டும் சத்தம் பதிவில் கேட்கிறது.

அடுத்த ஆண்டு லண்டனில் பதிவுசெய்த ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’ பட்டியலில் இல்லை. நானாகத் தேடிக் கேட்டேன். அதில் ஒரு பாட்டு கொன்னக்கோலில் தொடங்குகிறது. வாயால் சொல்லும் அதே ஜதிகள்! சமூக மன்றத்தின் மூன்றாம் மாடியில், குளிரூட்டி ஒழுகும் அறையில், தொடையில் தாளம் போட்டுக்கொண்டு நாங்கள் எட்டுப் பேர் கத்திய ஜதிகள்.

அந்த இடத்தில்தான் எனக்குக் கோபமும் வந்தது. எட்டு ஆண்டுகள் கற்றேன். தேர்வு எழுதினேன், சான்றிதழ் வாங்கினேன், நவராத்திரிக்குக் கோயிலில் வாசித்தேன். இந்தக் கருவி இப்படி ஒரு மேடையில் ஏறியது என்று எனக்கு ஏன் தெரியாமல் போனது? ஒரு சீன நண்பர் சொல்லித்தானா தெரிந்துகொள்ளவேண்டும்? கோபம் யார்மீது என்று யோசித்தேன். விரல் என் பக்கமே திரும்பியது. நான் எப்போது கேட்டேன்?

மிருதங்கத்தை நிறுத்தியதற்கு நான் எல்லாரிடமும் சொல்லும் காரணம் சாதாரண நிலைத் தேர்வு. சில நேரம் இன்னொன்றும் சேர்த்துக்கொள்வேன். ஒரு நிகழ்ச்சியில் யாரோ, “பெண்பிள்ளைக்கு எதற்கு மிருதங்கம், பாட்டுக் கற்றுக்கொடுக்கலாமே” என்று அப்பாவிடம் சொன்னது. இரண்டும் நடந்தவைதான். ஆனால் உண்மை எளிமையானது. எனக்குச் சலித்துவிட்டது. ஒரு சனிக்கிழமை போகவில்லை, அடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. சாரிடம் சொல்லவே இல்லை. அவர் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தார். நான் எடுக்கவில்லை.

அன்றிரவு அவரை அழைத்தேன். எடுப்பாரோ மாட்டாரோ என்று பயந்தேன். மூன்றாவது மணியில் எடுத்தார்.

“என்னம்மா, நல்லா இருக்கியா? படிப்பு எப்படிப் போகுது?”

நான்கு ஆண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே உளறிக்கொட்டினேன். மன்னிப்புக் கேட்கத்தான் அழைத்தேன், ஆனால் வாயில் வந்தது சக்தியைப் பற்றிய பேச்சு. அவர் சிரித்தார். அந்தக் கேசட் தேய்ந்துபோகும்வரை கேட்டவராம்.

“எங்களுக்கு ஏன் சார் நீங்க போட்டுக் காட்டலை?”

“போட்டேனே. நீங்கள்லாம் அன்னைக்கு அடுத்த ரூம்ல பர்த்டே கேக் வெட்டுறாங்கன்னு ஓடிட்டீங்க.”

எனக்கு நினைவில்லை. ஆனால் நடந்திருக்கும்.

வைக்கும் முன் அவர் சொன்னது: “தனி ஆவர்த்தனம் கேக்குற மாதிரி அதைக் கேக்காதேம்மா. யாரு எவ்வளவு வேகமா வாசிக்கிறாங்கன்னு பாக்காதே. யாரு எப்ப நிறுத்துறாங்கன்னு பாரு.”

அதன்படி மறுபடி கேட்டேன். வயலின் உச்சத்துக்குப் போகும்போது தபலா நின்றுவிடுகிறது, கடம் மட்டும் மெதுவாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கித்தார் ஒரு சொல்லை எறிந்தால் அது திரும்பி வரும்வரை மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். பிறகு ‘இன் எ சைலன்ட் வே’யில் டோனி வில்லியம்ஸின் அந்த ஹை-ஹாட்டுக்குப் போனேன். வேறு ஊர், வேறு கருவி, ஆனால் அவரும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

“ராஜா அப்பவே பண்ணிட்டார்”

ஃபியூஷன் என்று நான் வீட்டில் பேச ஆரம்பித்ததும் அப்பா சொன்ன வரி இது. அலமாரியிலிருந்து ‘ஹவ் டு நேம் இட்’ குறுவட்டை எடுத்து நீட்டினார். இளையராஜா 1986ல் வெளியிட்டது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கிய ஆல்பம். வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதில் அழவைக்கும்.

எனக்கும் அது உயிர். ஆனால் அது ஜாஸ் ஃபியூஷன் இல்லை என்று வாதாடினேன். அது எழுதிவைத்து வாசிக்கும் இசை. ஒவ்வொரு சுரமும் தாளில் இருக்கிறது. ஜாஸ் ஃபியூஷனில் மெட்டு ஒரு சிறு துண்டுதான், மீதியெல்லாம் அந்த நேரத்தில் அங்கேயே பிறப்பது. மேலும், சக்தி 1975லேயே வந்துவிட்டது. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “பேரு எதுவா இருந்தா என்ன, அதான் அவரே பேரு வைக்கத் தெரியலன்னு தலைப்பு வெச்சிருக்காரே” என்றார். அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

நம் வட்டாரத்திலும் ஒருவர் இருக்கிறார். மலேசியாவின் டிரம்ஸ் கலைஞர் லூயிஸ் பிரகாசம். அவர் தொடங்கிய ‘ஏஷியாபீட்’ குழு மலாய், சீன, இந்தியத் தாளக் கருவிகளை ஜாஸுடன் சேர்த்தது. இந்தப் பெயரைச் சொன்னவர் சார்தான். பட்டியலில் பதினோராவதாக நானே சேர்த்துக்கொண்டேன்.

மீதியிருந்த இரண்டையும் தேர்வுக்கு முந்தைய நாள்களில் கேட்டேன். ஜப்பானியக் குழு ‘கசியோபியா’வின் ‘மிண்ட் ஜாம்ஸ்’ (1982) படிக்கும்போது பின்னணியில் ஓடவிட ஏற்றது. சுத்தமான, வெயிலடிக்கும் இசை. ஆல்பத்தின் பெயரே உறுப்பினர்களின் பெயர்களிலுள்ள முதல் எழுத்துகளைக் கோத்தது. விசைப்பலகை வாசித்த மினோரு முகையா பின்னாளில் ஜப்பானிய ரயில் நிலையங்களில் ரயில் புறப்படும்போது ஒலிக்கும் மெட்டுகளை அமைத்தவர். ரயிலில் இருந்துகொண்டு அதைக் கேட்பதில் ஒரு தனி இன்பம். ‘ஸ்நார்க்கி பப்பி’யின் ‘வீ லைக் இட் ஹியர்’ (2014) நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பதிவானது. ரசிகர்களை ஒலிப்பதிவுக் கூடத்துக்குள்ளேயே உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டிவிட்டு வாசித்தார்கள். காணொளியாகவும் பார்க்கலாம். ‘லிங்கஸ்’ பாட்டில் கோரி ஹென்றி விசைப்பலகை வாசிக்கும்போது சக கலைஞர்களின் முகங்களைப் பாருங்கள்.

இரண்டாம் சுற்று

ஸ்விங் எனக்குப் பிடிபட்டது இப்படி. ஒரு தட்டை மூன்றாகப் பிரித்து, ‘தகிட’வில் நடுவில் உள்ள ‘கி’யை விழுங்கிவிடவேண்டும். ‘த... ட, த... ட’. அதுதான் ஸ்விங்கின் எலும்புக்கூடு. வேகம் கூடக் கூட இடைவெளி சமமாகிக்கொண்டே போகும் என்பதால் எலும்புக்கூடு மட்டும் போதாது. இருந்தாலும் படிக்கட்டு ஏறுவதுபோல் இல்லை என்றார்கள்.

இடம் எனக்குக் கிடைக்கவில்லை. பொறியியல் மாணவர்தான் தேர்வானார், அது நியாயமும்கூட. அவர் நான்கு எண்ணிக்கையில் எந்த வேகத்திலும் மிதக்கிறார். எம்ஆர்டியில் வீடு திரும்பும்போது எதையும் கேட்கப் பிடிக்கவில்லை. ஹெட்ஃபோனைப் பையிலேயே வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்த மூத்த மாணவரிடமிருந்து செய்தி வந்தது. ஆண்டு இறுதி நிகழ்ச்சியில் ஒரே ஒரு பாட்டுக்கு மிருதங்கம் வாசிக்க முடியுமா? இம்முறை பொய் சொல்லவில்லை. சக்தியை அவர் சொல்லித்தான் முதன்முறையாகக் கேட்டேன் என்று எழுதினேன். சிரிப்பு முகக்குறி ஒன்றை அனுப்பிவிட்டு, எந்தப் பாட்டு என்று நீயே சொல் என்றார்.

அதில்தான் சிக்கல். மிருதங்கம் ஒரு சுருதிக்குக் கட்டுப்பட்டது. ஜாஸ் பாட்டுகளில் பலவும் இரண்டு வரிக்கு ஒருமுறை சுருதி மாறும். ‘ஸ்பெயின்’ போன்ற பாட்டில் மிருதங்கத்தை வைத்தால் பாதி நேரம் அபஸ்வரமாகத்தான் ஒலிக்கும். சக்தியின் பாட்டுகள் ஒரே ஆதார சுருதியில் நிற்பதற்குக் காரணம் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. அதனால் ‘இன் எ சைலன்ட் வே’ மெட்டைச் சொல்லியிருக்கிறேன். கிட்டத்தட்ட ஒரே சுருதியில் தவழும் மெட்டு. அதில் என்ன வாசிப்பது என்பதைவிட எங்கே வாசிக்காமல் இருப்பது என்பதுதான் கேள்வி.

போன வாரம் அலமாரிமேல் இருந்த மிருதங்கத்தை இறக்கினோம். உறையில் பூஞ்சை. வலந்தலையில் கருப்புச் சாதம் ஓரத்தில் பெயர்ந்திருந்தது. தட்டினால் அட்டைப்பெட்டிச் சத்தம். சிராங்கூன் சாலைக் கடைக்காரர் அதை மடியில் வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, வார் பரவாயில்லை, மூட்டு மாற்றவேண்டும், மூன்று வாரமாகும் என்றார். முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அதுவரை சாரிடம் இருக்கும் பழைய மிருதங்கம். சனிக்கிழமை மாலை நான்கு மணி வகுப்பில், தொடக்கநிலை மூன்று படிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கு நடுவே உட்காருகிறேன். முதல் நாளே பக்கத்தில் இருந்த சிறுமி என் கையைத் திருத்தினாள்.